சந்தின் ஆரம்

கேள்வி: அகநானூற்றில் பாண்டியன் 'சந்தின் ஆரம்' அணிந்ததாக வருகிறது. ஆரம் என்றால் மாலைதானே? சந்து என்பதும் வடமொழிச் சந்தனத்தின் குறுக்கம்தானே? சந்தனத்துக்குத் தமிழில் சொந்தமாக ஒரு சொல்கூடவா இல்லை?

பதில்: ஏன் இல்லாமல்? நீங்கள் சொல்லும் பாட்டிலேயே இருக்கிறது. அது 13ஆம் பாட்டு. கடலில் பிறந்த 'முத்தின் ஆரமும்', மலைக் குறவர் தந்த 'சந்தின் ஆரமும்' என்று இரண்டையும் சொல்லிவிட்டு, 'இருபேர் ஆரமும் எழில்பெற அணியும்' என்கிறார் புலவர். ஆரம் என்ற சொல்லுக்கு முத்துமாலை, சந்தனம் இரண்டும் பொருள். அதைத் தெரிந்தேதான் கடலையும் மலையையும் ஒரே மார்பில் கொண்டுவந்து சேர்க்கிறார். மாலையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாட்டில் பாதி அழகு போய்விடும்.

சரி, சந்துக்கு வருவோம். 'சந்தனம்' என்ற வடிவம் வடமொழி வழியாக வந்தது என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. வடமொழிக்கு அது எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டாமா? ரிக் வேதத்தில் அந்தச் சொல் இல்லை. ஒளிர்வது, மகிழ்விப்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததாக வடமொழி மரபில் சொல்வார்கள். எமனோவுடன் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியைத் தொகுத்த பரோ, திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போன சொல்லாகவே இதைக் கருதினார். நான் பரோ பக்கம்தான்.

காரணம், சாந்து. கோயிலில் சாமிக்குச் சந்தனம் சாத்துகிறார்கள் இல்லையா? சாத்துவது சாந்து. மலையில் பிறந்தாலும் நறுஞ்சாந்தம் பூசிக்கொள்பவருக்கே உதவும், மலைக்கு அதனால் என்ன பயன் என்று கலித்தொகை கேட்கும். அங்கே சாந்தம் என்றால் சந்தனம். அதே சாந்துதான் குழந்தையின் நெற்றியில் சாந்துப் பொட்டு. கொத்தனார் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துக் குழைப்பதும் சாந்து, அதை அள்ளிப்போடுவது சாந்துச் சட்டி. ஒரு மரத்தின் பெயராக மட்டும் வெளியிலிருந்து வந்த சொல் சித்தாளின் தலைச்சுமை வரைக்கும் போயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. சந்து என்ற சொல்லையும் இந்தச் சாந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறுக்கம் என்று தள்ளிவிட மனம் வராது.

அப்புறம் ஒன்று. அரபியில் 'சந்தல்', ஆங்கிலத்தில் 'சாண்டல்', மலாயில் 'செண்டானா' எல்லாம் இந்தச் சொல் கட்டையோடு கப்பலேறிப் போன வடிவங்கள். காலில் போடும் சாண்டல் மட்டும் வேறு சொல். அதை இதோடு சேர்த்துவிடாதீர்கள்.