கொடைமடம் குறையா?

கேள்வி: அளவில்லாமல் கொடுப்பதைக் ‘கொடைமடம்’ என்கிறார்களே, மடம் என்றால் அறியாமை அல்லவா? அது எப்படிப் புகழாகும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அறியாமைதான் சகோதரி. ஆனால் ‘இவருக்கு இது தகுமா, பயன்படுமா’ என்று கணக்குப் பார்க்கத் தெரியாத அறியாமை. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். புறநானூறு 142இல் பரணர் பேகனை மழைக்கு ஒப்பிடுகிறார். வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்யும் மழை, ஒன்றும் விளையாத உவர்நிலத்திலும் பெய்கிறதே! கொடையில் மடம்படுவானே தவிர, போரில் மடம்பட மாட்டான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். எவ்வளவு நுட்பமான பாராட்டு!

பக்கத்து வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி கொடுத்து, பிறகு அதே சுண்டால் அளந்து வாங்குகிறோமே, அது குறியெதிர்ப்பை. கொப்பியில் எழுதிவைக்கும் கலியாணக் காசும் அந்த வகைதான். இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் இப்படித் திரும்ப எதிர்பார்க்கும் குறியெதிர்ப்பை போன்றதே என்கிறது 221ஆம் குறள்.