மஃப்டியில் வந்தால் யாரென்று கேளுங்கள்

கே: சீருடை இல்லாத போலீஸ் கைது செய்தால் செல்லாது என்கிறார்களே, உண்மையா? (தஞ்சாவூர்)

செல்லும். கைதுக்குச் சீருடை கட்டாயம் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) சொல்லவில்லை. திருவிழாக் கூட்டத்தில் க்ரைம் டீம் காக்கியோடு நின்றால் எந்த பிக்பாக்கெட்டும் மாட்ட மாட்டான். அதற்காக யாரென்றே சொல்லாமல் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. 1996-ல் போலீஸ் காவல் மரணங்கள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் முக்கியமானவை இப்போது இந்தச் சட்டத்தின் 36-வது பிரிவில் இருக்கின்றன: கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும், அரெஸ்ட் மெமோ (கைதுக் குறிப்பு) எழுத வேண்டும், அதில் வீட்டார் ஒருவரோ அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுமுன் மெமோவில் உள்ள நேரத்தைப் பாருங்கள். மாலை 4 மணிக்குக் கூட்டிப்போய்விட்டு இரவு 11 என்று எழுதினால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய கணக்கில் ஏழு மணி நேரம் காணாமல் போய்விடும்.

கே: கலர் டிரெஸ்ஸில் நின்றவர் பைக்கை நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். காட்ட வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவு, சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்கிறது. பக்கத்தில் சீருடைக்காரர் இருந்தால் அவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கே: "மஃப்டி போலீஸ், முன்னால் திருட்டு நடந்திருக்கிறது, நகையைக் கழற்றுங்கள்" என்று அம்மாவை இருவர் நிறுத்தினார்கள். நிஜப் போலீஸ் இப்படிச் சொல்லுமா? (கும்பகோணம்)

சொல்லவே சொல்லாது. இது ரொம்பப் பழைய மோசடி, இன்னமும் வயதான பெண்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஒருவன் மிரட்டுவான், கூட்டாளி வழிப்போக்கன் மாதிரி வந்து தன் செயினைக் கழற்றிக் கொடுப்பான், அதைப் பார்த்து நம்பி அம்மாவும் கழற்றுவார். காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுவிடுவார்கள், வீட்டில் பிரித்தால் கல். கழுத்தில் கை வைக்காமல் பக்கத்துக் கடைக்குள் போய்விடச் சொல்லுங்கள், அப்புறம் 100 அல்லது 112. போலீஸ் என்று ஆள்மாறாட்டம் செய்வது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 204-வது பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை.

கே: அடையாள அட்டை கேட்டால் "ஸ்டேஷனுக்கு வா, காட்டுறேன்" என்கிறார். என்ன செய்வது?

கையைப் பிடிக்காதீர்கள், தள்ளாதீர்கள். அங்கேயே நின்றபடி 112-க்குப் போன் போட்டு, இன்ன இடத்தில் இன்ன ஸ்டேஷன் என்று சொல்லி ஒருவர் வந்திருக்கிறார், உங்கள் ஆளா என்று அவர் காதில் விழும்படி கேளுங்கள். சாட்சியாக விசாரிக்கத்தான் என்றால், பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், அவர்களாக விரும்பினால் தவிர ஸ்டேஷனுக்குப் போகத் தேவையில்லை.