பட்டா இருக்கிறது சரி, தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

கேள்வி: கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊர்க் கண்மாய் நிறைந்தால், உபரி நீர் வழியும் கலுங்கு பாய்ந்து ஓடை வழியாகக் கடலுக்குப் போகும். ஓடைவாயில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அதை ஒட்டிய நாலு ஏக்கரை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, தங்கும் விடுதி கட்டப் போகிறார். போன மாதத்திலிருந்து டிப்பரில் கிராவல் அடிக்கிறார்கள். கேட்டால், "பட்டா நிலம், ஊராட்சியில் பிளானுக்குக் கொடுத்தாச்சு" என்கிறார்கள். நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். ஊராட்சியால் இதைத் தடுக்க முடியுமா? யாரிடம், என்னவென்று எழுதிக் கொடுப்பது? அப்புறம், நாங்கள் புகார் கொடுத்தால் கரையோரம் இருக்கும் எங்கள் வீடுகளையும் இடிக்கச் சொல்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

பதில்: பயத்துக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பட்டாவைப் பற்றிய குழப்பத்தைத் தீர்ப்போம். நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று அது சொல்லாது. இந்த அளவு விடுதிக்கு ஊராட்சி மட்டும் அனுமதி கொடுத்துவிட முடியாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் அதற்கும் முன்பே கடலோர மண்டல அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு பார்த்து, சென்னையிலுள்ள மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்பும் கோப்பு அது. அந்த அனுமதி கையில் இல்லாமல் "பிளானுக்குக் கொடுத்தாச்சு" என்பதற்குப் பொருளே இல்லை. சிறிய வீடுகளுக்காக 2024இல் வந்த சுயசான்றுத் திட்டத்தைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அதுவும் கடலோர விதியை மாற்றிவிடாது.

அப்படியானால் ஊராட்சிக்கு என்ன வேலை? அவர்கள் பிளான் கொடுத்திருப்பது ஊராட்சியில். அங்கே கோப்பில் ஏறும் குறிப்பு மேலே இருப்பவர்களுக்கு உதவும். சென்னையில் கோப்பைப் படிப்பவருக்கு உங்கள் ஓடை தெரியாது. ஐப்பசியில் கலுங்கு பாயும்போது தண்ணீர் எங்கே வளைகிறது என்பது உங்கள் ஊருக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சர்வே எண்ணோடு எழுதிக் கோப்பில் ஏற்றுவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய திட்டம் என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று ஊர்க்காரர்கள் காத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்கு அப்படி ஒரு கூட்டம் வராது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களைத்தான் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நாலு ஏக்கர் என்பது ஏறத்தாழ 16,190 சதுர மீட்டர். கடற்கரை விடுதி என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து மனையில் 33 சதவீதத்துக்கு மேல் கட்டக்கூடாது. கணக்குப் போட்டால் 5,340 சதுர மீட்டர் வரும், அந்த 20,000 வரம்பைத் தொடவே தொடாது. ஆக, உள்ளூர் அளவில் நடக்கும் பரிசீலனைதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாசல்.

இனி, எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்று பார்ப்போம். பெருவெள்ளக் கோடு, அதாவது பெரிய ஏற்றத்தில் கடல்நீர் தொடும் எல்லை. அதிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இந்த மண்டலத்துக்கான 2019 அறிவிக்கையின்படி கிராமப்புறத்தில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கம் இருந்தால் முதல் 50 மீட்டரும், குறைவாக இருந்தால் முதல் 200 மீட்டரும் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி. நெருக்கத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். கடலின் ஏற்ற வற்றத்தால் நீர் ஏறி இறங்கும் ஓடைக்கு, அதன் அகலம் அல்லது 50 மீட்டர், இரண்டில் எது குறைவோ அது. 2011 அறிவிக்கையில் இதுவே 100 மீட்டர். அதனால் "எங்கள் ஊருக்கு இப்போது நடைமுறையில் உள்ள கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் எது, எந்த அறிவிக்கையின்படி தயாரானது" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அந்த வரைபடத்தின் மேல் இந்த மனையின் சர்வே எண்ணைப் பதித்த 1:4000 அளவு வரைபடத்தை விண்ணப்பத்தோடு வைத்திருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள்.

அலையாத்திக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அது நிற்கும் இடம் மிகக் கடுமையான முதல் வகை மண்டலம். அரசு நிலத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால், சுற்றிலும் 50 மீட்டரையும் அதே வகையில் சேர்க்க வேண்டும். உங்கள் ஓடைவாயில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று வனத்துறையை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது.

வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் கிழக்குக் கரையில் ஒரு மனைப்பிரிவைப் பார்வையிடப் போனேன். மே மாதம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இங்க உமரி நிக்குது பாருங்க" என்றார். நான் காதில் வாங்கவில்லை. 'நீர் தேங்கும் பகுதி அல்ல' என்று எழுதிவிட்டு வந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அந்தக் கார்த்திகையில் அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

அந்தப் பெரியவர் சொன்னதை இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன். நிலத்தைச் சுற்றி நடங்கள். உமரிச் செடி நின்றால் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். தடித்த சின்ன இலை, நசுக்கினால் உப்புக் கரிக்கும், வெயில் ஏற ஏறச் சிவந்துவிடும். அதன் அடியில் நண்டு வளைகள் இருக்கும். வளை வாயில் மிளகு போலச் சின்னச் சின்ன மண் உருண்டைகள் ஈரமாகக் கிடந்தால் நண்டு இன்றைக்கும் அங்கே குடியிருக்கிறது, கடல்நீர் அங்கே வந்து போகிறது என்று பொருள். மன்னார் வளைகுடாவில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் நம் கரை தட்டுப் போலத் தட்டை. ஒரு சாண் ஏற்றம் கூடினாலும் நீர் உள்ளே வெகுதூரம் வந்துவிடும். ஓடையில் ஏற்ற வற்றம் எதுவரை போகிறது என்பதற்குச் சட்டமே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: வருடத்தின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. அப்படி அளந்தார்களா, எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

ஓடை விஷயத்துக்கு வருவோம். புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய அ-பதிவேட்டையும் வாங்கி வைத்துப் பாருங்கள். ஓடைக்குத் தனிப் புறம்போக்கு எண் இருந்தால் நல்லது. சில இடங்களில் ஓடையின் ஒரு பகுதி பட்டா எண்ணுக்குள்ளேயே போயிருக்கும். உங்கள் பகுதி பழைய ராமநாதபுரம் ஜமீன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொண்ட பிறகு எழுதிய நிலவரித்திட்டப் பதிவேட்டில் அந்த எண் என்ன வகைப்பாட்டில் இருந்தது என்று தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள். இன்றைய கணினிச் சிட்டாவில் புஞ்சை என்று இருப்பது பழைய பதிவேட்டில் ஓடையாகவோ களராகவோ இருக்கலாம். ஒருவேளை எல்லாப் பதிவேட்டிலும் பட்டா என்றே இருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். மேட்டு நிலத்து நீர் இயல்பாகத் தாழ்நிலத்தில் வடிந்துபோகும் உரிமையை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. எட்டு மாதம் காய்ந்து, சீமைக்கருவேல் மூடிக் கிடந்தாலும் ஓடை ஓடைதான்.

கிராவல் அடிப்பதை மட்டும் தனியாக எடுத்து எழுதுங்கள். கட்டடம் எழும்பவில்லையே, மண்தானே கொட்டுகிறோம் என்பார்கள். கடலோர மண்டலத்துக்குள் நிலத்தை மேடாக்குவதும், கரை போட்டுக் கடல்நீரின் இயல்பான போக்கைத் தடுப்பதும் தடைசெய்யப்பட்ட செயல்களின் பட்டியலிலேயே இருக்கின்றன. காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இரண்டடி உயர்ந்த நாலு ஏக்கர், மழைக்காலத்தில் தண்ணீரை ஊர்ப்பக்கம் திருப்பிவிடும். கரைந்த செம்மண் ஓடைவாய் வழியே கடலுக்குப் போய்க் கலங்கும். கடல்புல்லுக்கும் பாசிக்கும் பவளப்பாறைக்கும் வெளிச்சம் வேண்டும், கலங்கல் படிந்தால் அவை மூச்சுமுட்டிப் போகும். தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வாலை, அப்பா, தலையாரி எல்லாம் உங்கள் கரைக்கு எதிரேதான் இருக்கின்றன.

எனக்கு இன்னொரு கவலை, உங்கள் ஊற்று. மணலில் குழி தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிறைக்கிறீர்களே, அந்த நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்தால் முதலில் உப்பாவது உங்கள் ஊற்றுதான். அதனால்தான் கடற்கரை விடுதிகளுக்கான நிபந்தனையில், பெருவெள்ளக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கவே கூடாது, 200 முதல் 500 மீட்டர் வரை நிலத்தடி நீர் அமைப்பின் இசைவு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விக்கும் கோப்பில் பதில் இருக்கிறதா பாருங்கள். உயரம் 9 மீட்டருக்குள், இரண்டு தளம். பக்கத்தில் இன்னொரு விடுதி வந்தால் நடுவில் மக்கள் கடலுக்குப் போய்வர 20 மீட்டர் வழி விட வேண்டும். இவையும் நிபந்தனைகள்தான்.

மனுவில் ஒரு தவறைத் தவிர்த்துவிடுங்கள். 'எங்கள் கண்மாய் சதுப்புநிலம், ராம்சார் விதிப்படி தடுக்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காக வெட்டிய கண்மாயையும் கடலோர மண்டலத்துக்குள் வரும் பகுதியையும் விலக்கி வைத்திருக்கின்றன. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அதற்கு முன்பே சேர்ந்தவை. உங்கள் ஊர்க் கண்மாய் அந்தப் பட்டியலில் இல்லை. தவறான சட்டத்தைச் சொன்னால் 'பொருந்தாது' என்று ஒரே வரியில் மனுவை முடித்துவிடுவார்கள். அரசின் பொறுப்பிலுள்ள கண்மாய் என்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், புறம்போக்கு ஓடை என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஓடைவாய்க்குக் கடலோர அறிவிக்கை. இப்படிப் பிரித்து எழுதுங்கள்.

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். "இந்த சர்வே எண்ணில் இந்தத் தேதியிலிருந்து கிராவல் கொட்டுகிறார்கள். இந்த நிலத்தின் இந்த மூலை வழியாகக் கண்மாய்க் கலுங்கின் உபரி நீர் கடலுக்குப் போகிறது. கடலோர மண்டல அனுமதி எண்ணும் தேதியும் தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லையெனில் மண் கொட்டுவதை நிறுத்தி, கொட்டியதை அகற்ற வேண்டும். நீர்வளத்துறை, வருவாய்த்துறை, வனத்துறை மூன்றும் ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு கூட்டுப் புலத்தணிக்கை செய்ய வேண்டும்." இவ்வளவு போதும். நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள், லஞ்சம் அது இது என்று எதையும் சேர்க்க வேண்டாம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நகலை ஊராட்சி செயலரிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் ஒப்புகையோடு கொடுங்கள். அதே நாளில் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு ஒன்றும் போடுங்கள், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். கிராம சபை நெருங்கினால் இதையே தீர்மானமாக்குங்கள். கட்டடம் வேண்டாம் என்ற தீர்மானத்தைவிட, நீர்வழியை விவரித்துத் தணிக்கை கேட்கும் தீர்மானத்தைத்தான் அதிகாரிகளால் ஒதுக்க முடியாது.

எதுவும் நகரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டார்கள், அதை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான். அதனால் முதல் டிப்பர் வந்த தேதியை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

இப்போது உங்கள் வீடுகள். முறையாக இருக்கும் வீட்டை, அதே தரைப்பரப்பில் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் தடைப்பகுதிக்குள்ளேயே விதி இடம் கொடுக்கிறது. பாரம்பரியமாகக் கடலோரத்தில் வாழ்கிறவர்களின் குடியிருப்புக்கு 100 மீட்டருக்கு மேல் 200 மீட்டருக்குள்ளும் வழி இருக்கிறது. விடுதிக்கு எதிராக மனுக் கொடுத்ததால் மீனவர் வீடு போய்விடும் என்பது வெறும் மிரட்டல். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பழைய ரேஷன் கார்டு மூன்றையும் நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ஊரில் சிலர் விடுதி வந்தால் வேலை கிடைக்கும் என்று நினைப்பார்கள், அவர்களோடு சண்டை வேண்டாம். அலையாத்தியையும் ஓடையையும் விட்டு மேட்டுப் பக்கம் தள்ளிக் கட்டட்டும் என்பதும் நியாயமான கோரிக்கைதான்.

பாசி எடுக்கப் போகும் வழியில்தானே அந்த ஓடைவாய் இருக்கிறது. வருகிற அமாவாசையன்று ஏற்றம் எதுவரை வருகிறதோ அந்த இடத்தில் ஒரு கம்பை ஊன்றி, கிராவல் மேடும் கம்பும் சேர்ந்து தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.