பட்டறையில் சிக்கிய ஹெரால்டு: சாவி கையில் இருந்தால் எடுத்து வந்துவிடலாமா?

கேள்வி: வாப்பா வைத்திருந்த 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்களிடம் இருக்கிறது. வாப்பா 2019இல் மௌத்தாகிவிட்டார், ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். உச்சிப்புளி பக்கம் ஒரு பட்டறையில், பழையபடி ஆக்கித் தரச் சொல்லி மூன்று வருடத்துக்கு முன் விட்டேன். பேசியது ஐந்தரை லட்சம், கொடுத்தது மூன்றரை. எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். இப்போது இன்னும் நான்கு லட்சமும், நாளுக்கு 300 ரூபாய் இடவாடகையும் கேட்கிறார். போய்ப் பார்த்தால் ஒரிஜினல் இன்ஜினைக் காணோம், ஆம்னி இன்ஜின் மாட்டியிருக்கிறது. பாம்பனில் யாரோ கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வண்டியை வாடகைக்கு விட்ட படமும் கண்ணில் பட்டது. பணம் கட்டாவிட்டால் வண்டியை விற்றுவிடுவேன் என்கிறார். என்னிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. ராத்திரியோடு எடுத்து வந்துவிடலாமா? ராத்தாமார் இருவரும் விற்றுப் பங்கைக் கொடு என்கிறார்கள். – கீழக்கரை வாசகர்

பதில்: அந்தச் சாவியை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சொந்த வண்டியை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று நினைப்பீர்கள். ஆகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் இதற்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது: கைக்கடிகாரத்தைப் பழுது பார்த்தவருக்குக் கூலி பாக்கி, அதற்கு ஈடாக அவர் சட்டப்படி கடிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், அந்த ஈட்டை அவருக்கு இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு உரிமையாளரே எடுத்துப் போனாலும் அது திருட்டுதான். பட்டறைக்காரர் கையில் அப்படியொரு வழக்கை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

அவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170. பொருளை எந்த வேலைக்காக ஒப்படைத்தீர்களோ அந்த வேலையைச் செய்தவர், கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உரிமை அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. விற்க முடியாது, விற்கும் அதிகாரம் அடகு பிடித்தவருக்கு உண்டு, மெக்கானிக்குக் கிடையாது. தன் பாக்கிக்காகத் தானே பிடித்து வைத்திருக்கும் காலத்துக்கு, பேசாத இடவாடகையும் கேட்க முடியாது. நீங்கள் கேட்டது 'பழையபடி' ஆக்கித் தர. ஆம்னி இன்ஜின் அந்த வேலையில் சேராது, அதற்குக் கூலியும் இல்லை. போட்டோ ஷூட்டுக்கு விட்டது இன்னும் மோசம். 154ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் பயன்படுத்தியதால் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு அவர் பொறுப்பு. அதைக் காரணம் காட்டி வண்டியைத் திருப்பிக் கேட்க 153ஆம் பிரிவு வழி விடுகிறது. அந்தப் படங்களை இன்றைக்கே தேதியோடு சேமித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்.

நீங்கள் பில் தொகையைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். எனக்கு இன்ஜின்தான் கவலை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று 81ஏ முதல் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். அதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கூடவே, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் கூடாது. ஆம்னி இன்ஜினோடு போனால் அங்கேயே கதவைச் சாத்திவிடுவார்கள். அதோடு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52, 182ஏ பிரிவுகள் உரிமையாளர் பக்கம்தான் திரும்பும்.

விலையும் இன்ஜின் நம்பரில்தான் நிற்கிறது. ஹெரால்டு நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த வண்டி; பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமே முழுசாக முன்னோக்கித் திறக்கும். வாங்க வருபவர் அதைத் திறந்ததும் இன்ஜின் நம்பரைத் தடவிப் பார்த்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார். ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சே வேறு. அடுத்தபடியாகக் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். ஹெரால்டில் பாடி தனி, சேஸிஸ் தனி. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில்தான் முதலில் துரு ஏறும். உச்சிப்புளி உப்புக் காற்றில், மேலே பாலிஷ் போட்டுவிட்டுக் கீழே பிரைமர்கூட அடிக்காமல் மூன்று வருடம் நிறுத்தியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவு கேட்கும் கவனம் இல்லை என்று வாதாடலாம். அதனால் டார்ச் அடித்து அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வக்கீல் நோட்டீஸ். 'காரைக் கொடு' என்று மொட்டையாக எழுதக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் எழுதி, இந்த இன்ஜினோடு இந்த வண்டியைக் கொடு என்று கேட்க வேண்டும். பேசியபடி செய்த வேலைக்கு நியாயமான பாக்கி எவ்வளவோ, அதைக் கட்டத் தயார் என்றும் அதிலேயே எழுதுங்கள். அதை வாங்க மறுத்துவிட்டு வண்டியை மட்டும் பிடித்து வைத்திருந்தால் அவருடைய 170ஆம் பிரிவு உரிமை பலவீனமாகிவிடும். மூன்று வருடம் ஓடிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும் வழக்குக்கு, கேட்டு மறுத்த நாளிலிருந்துதான் மூன்று வருடக் கணக்கு தொடங்கும்.

அவர் மசியவில்லை என்றால் எங்கே போவது? நுகர்வோர் ஆணையம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் அங்கே கட்டணமும் இல்லை. ஆனாலும் என் ஓட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான். வழக்குப் போட்ட கையோடு வக்கீல் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) கேட்டால், அவர் மெக்கானிக் ஒருவரோடு பட்டறைக்கே போய், இருக்கிற இன்ஜின் நம்பர், இல்லாத பாகங்கள், துரு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருவார். விற்கக் கூடாது என்று தடையுத்தரவும் வாங்கலாம். வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் 63(4)இன்படி சான்று இணைக்க வேண்டும்; போனை மாற்றிவிடாதீர்கள். ஒரிஜினல் இன்ஜினை விற்றுத் தின்றுவிட்டார் என்று தெரிந்தால், நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவு நம்பிக்கை மோசடிப் புகார் அப்போது கொடுக்கலாம். எடுத்த எடுப்பிலேயே ஸ்டேஷனுக்குப் போனால் அது பஞ்சாயத்தாகி, பாதிப் பணத்துக்கு யாரோ நாள் குறிப்பார்கள்.

வழக்கில் உம்மாவையும் ராத்தாமாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் வாரிசுச் சட்டப்படி வண்டியில் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டென்றால் ஒவ்வொரு மகளுக்கும் ஒன்று. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவர்கள் பெயரில் மனு கொடுக்கலாம்.

வாரிசுச் சான்றிதழும் மற்றவர்கள் சம்மதக் கடிதமும் வைத்துப் படிவம் 31இல் பெயரை மாற்றுங்கள். அப்புறம் விண்டேஜ் பதிவு. வாப்பா காலத்து நம்பர் அப்படியே நிலைக்கும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போக, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும் ஓட்டலாம், அவ்வளவுதான்.

விற்பதாக இருந்தால் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு விற்கவும். 20,000 ரூபாய்க்கு வாங்கி 21 லட்சத்துக்கு விற்ற 1931 மாடல் ஃபோர்டு ஒன்றை, சொந்த உபயோகத்துக்கு ஓட்டியதாக நிரூபிக்காததால் வரிக்கு உட்பட்டது என்று 2025இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாப்பா அந்தக் காரை ஓட்டிய காலத்து பெட்ரோல் பில், இன்சூரன்ஸ், குடும்பப் படம் எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வண்டி கைக்கு வரும் நாளில் லாரியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் சரியாகாத வண்டியை உச்சிப்புளியிலிருந்து ஓட்டி வர வேண்டாம்.