பச்சோந்தி எங்கே வாங்குவது? வந்த கேள்விகளும் என் பதில்களும்

லண்டனில் பன்னிரண்டு வருடமாகப் பச்சோந்தி வளர்க்கிறேன். இப்போது வீட்டில் இருப்பவை ஏமன் வகை இரண்டு, மடகாஸ்கரின் பாந்தர் வகை ஒன்று. எங்கே வாங்குவது என்று கேட்டு வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்து நிலவரம்தான்.

ஹாரோவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வீட்டுக்குப் பக்கத்திலேயே பெட் ஷாப் இருக்கிறது. அங்கே ஏமன் குட்டி வாங்கலாமா, இல்லை தானே குட்டி பொரிக்க வைத்து விற்கும் பிரீடரைத்தான் தேட வேண்டுமா?

வாங்கலாம். ஆனால் உள்ளே போனதும் கூண்டைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். 2018 விதிகளின்படி விலங்கு விற்கும் கடைக்குக் கவுன்சில் உரிமம் வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரமும் கொடுப்பார்கள். அந்த உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இல்லையா, திரும்பி வந்துவிடுங்கள். இருந்தாலும் அது கடைக்குக் கிடைத்த சான்றுதான், குட்டிக்குக் கிடைத்தது அல்ல.

அப்புறம் கேளுங்கள்: எப்போது முட்டையிலிருந்து வந்தது? யார் வளர்த்தது? இப்போது என்ன தின்கிறது? எந்த விளக்கின் கீழ் இருக்கிறது? மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கும் கடையில் முதல் இரண்டுக்கும் பதில் கிடைப்பது அபூர்வம். "இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்று பிரீடருக்கு உங்கள் முன்னாலேயே போன் போடுகிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

என் விருப்பம் பிரீடர்தான். தாய் தகப்பனை நேரில் பார்க்கலாம். குட்டியும் பிறந்ததிலிருந்து இடம் மாறி அலைந்திருக்காது. மூன்று மாதம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நல்ல பிரீடர் உங்களையும் குடைவார்: கூண்டு தயாரா, யு.வி.பி. விளக்கு (எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர் தருவது) நீளக் குழாயா சுருள் பல்பா, தண்ணீர் எப்படித் தெளிப்பீர்கள்? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ஒரு அக்கா: எனக்குப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பச்சையாகத்தான் இருக்கிறது. ஆரோக்கியமானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்கா, நிறத்தை மறந்துவிடுங்கள். கண்ணைப் பாருங்கள்.

போகிற நேரமும் முக்கியம். சாயங்காலம் போனால் எல்லாப் பச்சோந்தியும் தூங்கி வழியும். பகல் பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நோயாளி. "தூங்குகிறது" என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். நல்ல பச்சோந்தியின் கண் வெளியே தள்ளிய கூம்பு மாதிரி இருக்கும். ஒரு கண் உங்களையும் மற்றொன்று மேலே விளக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். கண் உள்ளே குழிந்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர் பற்றாக்குறை. எச்சத்திலும் இது தெரியும். அதில் ஒரு பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் என்றால் போதிய தண்ணீர் கிடைக்கவில்லை.

அடுத்து கால். என் முதல் ஏமனை ஒரு கடையில் வாங்கினேன். முன்னங்கை இரண்டும் லேசாக வில் மாதிரி வளைந்திருந்தன. "குட்டி அப்படித்தான் நடக்கும்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். வீட்டில் கிளையைப் பிடிக்கப் போனால் பிடி நழுவும்; வயிற்றைக் கிளையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நகரும். மிருக வைத்தியர் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை படிந்த மாதிரி ஏதோ தெரிந்தது. கால்சியமும் யு.வி.பி.யும் கிடைக்காமல் வளர்ந்த குட்டி. அதற்குப் பிறகு, விற்பவரை என் விரலில் ஏற்றி வைக்கச் சொல்லாமல் நான் வாங்கியதில்லை. நல்ல குட்டி இடுக்கி மாதிரி பற்றும், உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும். சீறினாலும் பரவாயில்லை, சீறுகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

விளக்குக்கு நேர் கீழே சூட்டில் வாயைத் திறந்திருப்பது சாதாரணம். விலகி இருக்கும்போதும் வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து வைத்திருந்தால் சுவாசத் தொற்றாக இருக்கலாம். கடைசியாக, உங்கள் முன்னால் ஒரு வெட்டுக்கிளியைப் போடச் சொல்லுங்கள். நாக்கு நீண்டு, குறி தவறாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பர்மிங்காமிலிருந்து: டான்காஸ்டர் ஊர்வனக் கண்காட்சிக்குப் போனால் மலிவாகக் கிடைக்குமா?

போங்கள், ஆனால் வாங்குவதற்கு அல்ல, ஆளைப் பிடிப்பதற்கு. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் நாள் முழுக்க ஆயிரம் முகங்களைப் பார்த்து மிரண்டுபோன பச்சோந்தியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரீடரின் நம்பரை வாங்கிக்கொண்டு பிறகு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஜெர்மனியின் ஹாம் கண்காட்சியில் வாங்கிப் பையில் போட்டு வந்த காலம் போய்விட்டது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கொண்டுவர ஏற்றுமதி, இறக்குமதி என்று இரண்டு பக்கமும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேண்டும்.

ஆன்லைனில் "அம்பிலோபே பாந்தர் ஜோடி" பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பாந்தருக்கு ஊர்ப்பெயர்தான் விலை. அம்பிலோபே, நோசி பே, அம்பன்ஜா எல்லாம் மடகாஸ்கரில் உள்ள இடங்கள். ஆணின் நிறம் இடத்துக்கு இடம் மாறும். வினை பெண்ணில்தான். எந்த ஊர்ப் பெண்ணும் ஏறக்குறைய அதே மங்கிய பீச், பழுப்பு நிறம்தான். பார்த்து ஊர் சொல்ல முடியாது, விற்பவரின் நேர்மையைத்தான் நம்ப வேண்டும். குட்டி ஆணுக்கும் நிறம் ஏற மாதங்கள் ஆகும். அதனால் தகப்பன் படம் கேளுங்கள், தாயின் தகப்பன் படமும் கேளுங்கள். வியாபாரமாக விற்பவர் என்றால் விளம்பரத்திலேயே உரிம எண் இருக்க வேண்டும். "ஜோடி" என்ற வார்த்தையே எனக்கு உதைக்கிறது. பச்சோந்திக்கு ஜோடி வாழ்க்கை கிடையாது, ஒன்றுக்கு ஒரு கூண்டு.

டபிள்யூ.சி. என்று போட்டு விலை குறைவாக இருக்கிறதே?

காட்டில் பிடித்தது என்று அர்த்தம். வயிற்றில் ஒட்டுண்ணி, உடம்பில் தண்ணீர் இல்லாமை, வயது எத்தனை என்றே தெரியாது. முதல் பச்சோந்தியாக வேண்டவே வேண்டாம். மிச்சம் பிடித்த காசு வைத்தியருக்குப் போகும்.

சென்னையில் இருக்கிறேன். இங்கே ஒரு ஆள் பிடித்துத் தருகிறேன் என்கிறான்.

நம் ஊர் வேலியில் திரிகிற பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். வெளிநாட்டு வகை என்றால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அந்தப் பதிவு இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் ஏமன் பெண்ணைக் கூண்டோடு கொடுக்கிறார், ஒரு வயது. எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், பல நேரம் நல்ல பச்சோந்தி இப்படித்தான் கிடைக்கும். முதலில் விளக்கை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் யு.வி.பி. காலப்போக்கில் குறைந்துவிடும். அடுத்து முட்டை. ஏமன் பெண் ஆணைப் பார்க்காமலேயே முட்டை போடும், அதுவும் டஜன் கணக்கில். தோண்டி இட ஈர மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் கூண்டில் மண் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். "மண் எதற்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டால், கூண்டைத் தூக்குவதற்கு முன் வைத்தியரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.