பாயில் படித்தவர்கள்

அன்புள்ள சார்,

பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இது முதல் வருடம். 2007ல் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தேன். அப்போதுதான் செயல்வழிக் கற்றல் வந்தது. பாடத்துக்கு அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, டீச்சரோடு பாயில் உட்கார்ந்து படிப்பு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு சார் தினமும் யாரையாவது எழுப்பி, “நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பார். நான் ஒருநாளும் இப்படிப் பேசக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் பின்னத்தில் தடுமாறிய ஒரு பையனிடம் அதே வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் சொன்னால், “நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்” என்கிறார்கள். பாயில் படித்தது எனக்குள் ஒட்டவே இல்லையா? அவனிடம் மன்னிப்புக் கேட்டால் வகுப்பு கையை விட்டுப் போய்விடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒட்டியிருக்கிறது, ஆனால் பாதிதான். அட்டையை எடுத்தோம், முடித்தோம், அடுத்த படிக்குப் போனோம் என்பது வரை குழந்தைக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, யாரை யாரோடு உட்கார வைப்பது என்று டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தது தெரியாது. வசவுக்குப் பின்னால் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை. காதால் கேட்டாலே முழுசாகக் கற்றுக்கொள்ளலாம். பதற்றத்தில் அதுதான் முதலில் வரும். (மாடு மேய்ப்பது எப்படி வசவானது என்பது தனிக் கதை. இன்னொரு நாள் பேசலாம்.)

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975லேயே இதை எழுதிவிட்டார். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒருவர் ஆசிரியர்களோடு சுமார் 13,000 மணி நேரம் இருந்துவிடுகிறார். ஆனால் பார்த்ததெல்லாம் மாணவர் பக்கத்திலிருந்து. இரண்டு வருட பி.எட். இதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது, பாவம்.

ஸ்டாஃப் ரூம் விஷயத்துக்கு வருகிறேன். உருப்பட்டவர்கள்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? அடிக்குப் பயந்து எட்டாவதோடு நின்றவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று அப்பாக்கள் கொண்டுவந்து விட்ட காலத்துப் பிள்ளைகள் அவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, சாட்சியாக மட்டும் ஏற்க மாட்டேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட பல பேர் அந்த இரண்டாவது பாதியைக் கண்டுகொள்வதே இல்லை.

அதனால் சபதம் போதாது. பின்னத்தில் ஒரு பிள்ளை தடுமாறினால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதை முந்தின நாளே யோசித்து வையுங்கள். ஒரு தாளை இரண்டாக, நான்காக மடித்துக் காட்டலாம். பக்கத்துப் பையனோடு சேர்ந்து போடச் சொல்லலாம். ஏதோ ஒன்று கைவசம் இருக்க வேண்டும். அப்புறம், உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஊரில்தான் இருக்கிறார் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அத்தனை பிள்ளைகளையும் எப்படிக் கணக்கு வைத்துக்கொண்டார் என்று கேளுங்கள். நீங்கள் பாயிலிருந்து பார்க்காத பாதி அவரிடம்தான் இருக்கிறது.

பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். வகுப்பு முன்னால் சொன்னதை வகுப்பு முன்னால்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் மற்ற பிள்ளைகள் அவனை அந்தப் பேரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நீட்ட வேண்டாம். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுங்கள். வகுப்பு எங்கேயும் போகாது. ரெண்டு நாள் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான்.