புள்ளியை விடுங்கள், துளையைப் பாருங்கள்

பலெர்மோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"என் மாமனாருக்கு அடுத்த மாதம் எழுபது வயது நிறைகிறது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுப் பிடித்தவர். இத்தாலிக்கு வந்த பிறகு சுங்கானுக்கு, அதாவது புகைக்குழாய்க்கு, மாறிவிட்டார். அவருக்காக வட இத்தாலியப் பட்டறை ஒன்றிலிருந்து கையால் செய்த பிரையர் சுங்கான் ஒன்றை இணையத்தில் 190 யூரோவுக்கு வாங்கினேன். வந்து ஆறு நாளாகிறது. புகையிலை அடைக்கும் தலையின் இடப்பக்கத்தில் கடுகளவில் இரண்டு கறுப்புக் குழிகள் இருக்கின்றன. விளிம்பை ஒட்டி மயிரிழைபோல் ஒரு கோடு. வாய்க்குழல் வந்து சேருமிடத்தில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். 'இது கழித்துப் போட்ட மரம், 40 யூரோ கொடுங்கள், குழியை அடைத்துப் பளபளப்பாக்கித் தருகிறேன்' என்கிறார். வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?"

அந்தக் கடைக்காரரிடம் சுங்கானைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். குழியை அடைத்துவிட்டால் அது பட்டறை அனுப்பிய பொருளாக இருக்காது. "நீங்கள் கைவைத்துவிட்டீர்கள்" என்று அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே காரணத்தால், எப்படி இழுக்கிறது பார்ப்போம் என்று ஒரு தடவைகூடப் பற்றவைக்கவும் வேண்டாம். புகைத்த சுங்கானைப் புதிது என்று யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் அதிகம் கவலைப்படுவது அந்தக் கறுப்புக் குழிகளைப் பற்றி. மூன்றில் மிகச் சிறிய விஷயம் அதுதான். பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரத்தின் வேர்முண்டு. வேருக்கும் தண்டுக்கும் நடுவே, மண்ணுக்குள் புடைத்து வளர்வது. நீங்கள் இருக்கும் சிசிலித் தீவின் எதிர்க்கரையான கலாப்ரியாவில் இன்றும் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். சுங்கான் செய்யத் தக்க அளவுக்கு அது பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அறுத்த கட்டைகளைப் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சாற்றையும் துவர்ப்பையும் போக்கிவிட்டு, மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், மெல்ல உலரவிடுவார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே இத்தனை காலம் வளர்ந்த முண்டுக்குள் குழி இல்லாதிருந்தால்தான் வியப்பு. கட்டையின் வெளிப்புறத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. தலையைக் கடைந்து, செதுக்கி, மெருகிடும் நேரத்தில்தான் அது முகம் காட்டும்.

இந்தத் தொழிலின் தரப் பிரிப்பைப் பார்த்து எனக்கு நெடுநாளாகவே ஆற்றாமை. மரத்தின் ரேகை நேராக ஓடி, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தால் விலை பல மடங்கு ஏறுகிறது. அதே கை, அதே மரம், அதே துளை. கடுகளவு குழி ஒன்று வந்தால் கீழ்த்தரம். உள்ளே துளை சரியாக விழுந்திருக்கிறதா என்பதற்கு அந்த ஏணியில் ஒரு படிகூட இல்லை. லண்டனின் டன்ஹில் நிறுவனம் சுங்கானின் மேற்பரப்பை மணல் வீசி அரித்தெடுக்கும் முறைக்கு 1917இல் காப்புரிமை கோரியது. அந்தச் சொரசொரப்பு விரைவில் விரும்பி வாங்கும் அழகாகிவிட்டது. குழி தென்பட்ட தலைகளில் பல இன்று அந்த வழியில்தான் போகின்றன. குழியும் கூடவே அரிபட்டு மறைந்துவிடும். புகைப்பவர் வாயில் வழவழப்பான தலைக்கும் சொரசொரப்பான தலைக்கும் வேறுபாடு தெரியாது.

உங்கள் பட்டறைக்காரர் குழியை மறைக்காமல் விட்டிருக்கிறார். அதை நான் நேர்மை என்றுதான் எடுத்துக்கொள்வேன். மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு வைத்து, சாயம் ஏற்றி, மெருகிட்டு அனுப்பியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஆனால் புகைக்கப் புகைக்க பிரையர் கறுத்துக்கொண்டே போகும், மக்கு அதனோடு சேர்ந்து கறுக்காது. இரண்டு ஆண்டில் தேமல்போல் வெளிறிய திட்டு ஒன்று தெரியும். கடைக்காரர் 40 யூரோ கேட்பது இந்தத் தேமலுக்குத்தான். இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதலில் உங்கள் பொருளை மட்டம் தட்டுவார்கள், பிறகு அதைக் காப்பாற்றக் கூலி கேட்பார்கள். பட்டறையோடு பேசுகிறேன் என்று நடுவில் வந்து நிற்பவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். விற்றவருக்கும் உங்களுக்கும் நடுவே மூன்றாவது ஆள் தேவையில்லை.

கோடுதான் முக்கியம். அது உளி பட்ட தடமா, ரேகையின் நிழலா, உண்மையான விரிசலா என்பதைப் பொறுத்தே உங்கள் முடிவு இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சாளரத்தருகே பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். நகத்தின் நுனியைக் கோட்டுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள். விரிசல் என்றால் நகம் தட்டும். பிறகு ஈரத்துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். சுற்றியிருக்கும் மரம் காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாக, கறுப்பாக நின்றால் அது விரிசல்தான். கடைசியாக, கோடு விளிம்பைத் தாண்டி உட்சுவரில் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் வேறு யோசனையே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் அது விரியும், ஒரு நாள் அந்த இடத்தில் சுவர் எரிந்து ஓட்டையாகும். ஒன்று நினைவிருக்கட்டும்: துடைக்கச் சாராயம் கலந்த எதையும் எடுக்காதீர்கள். மேல்பூச்சு அரக்காக இருந்தால் கரைந்துவிடும். அந்தப் பழியும் உங்கள் மேல் வரும்.

உட்புறம் முழுக்கக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முதல் சில புகைப்புகளில் மரத்தைக் காக்கவே கரித்தூள் கலந்து அப்படிப் பூசுகிறார்கள். நல்ல பட்டறைகளும் பூசுகின்றன. ஆனால் உட்சுவரின் குழியும் விரிசலும் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் நிழல் விழும்.

இனித் துளை. யாரும் பார்க்காதது இதுதான். சுங்கான் துடைக்கும் பஞ்சுக்கம்பி ஒன்றை வாய்க்குழலின் நுனியிலிருந்து விடுங்கள். எங்கும் முட்டாமல் தலைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அது வெளிவரும் துளை அடித்தளத்தின் நடுவே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் மேலே இருந்தால் கீழே தங்கும் புகையிலை எரியாமல் ஈரச் சகதியாகும். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். வெளியே ரேகை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கோளாறை ஈடுசெய்யாது. பட்டறையால்கூடத் திருத்த முடியாத தவறு இது.

வாய்க்குழல் இடைவெளிக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆட்டமில்லாமல் இறுக்கமாக உட்கார்ந்தால் காகிதக் கனத்தில் தெரியும் வெளிச்சம் புகையைக் கெடுக்காது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்பச் சற்றுச் சுருங்கும், சற்றுப் பருக்கும். ஆடினால் பட்டறைக்கு எழுதுங்கள், சரிசெய்து தருவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பணத்தைக் காக்கப்போகும் விஷயம். இணையத்தில் ஒரு வணிகரிடம் வாங்கிய பொருளை, கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பித் தரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறையும் இத்தாலியின் நுகர்வோர் சட்டத் தொகுப்பும் தரும் உரிமை அது. குறை இருப்பதாக நிரூபிக்கத் தேவையில்லை. பிறந்தநாள் வரட்டும் என்று பெட்டியைக் கட்டிவைத்துவிட்டால் இந்த உரிமை கைநழுவிவிடும். பரிசு வாங்குபவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பட்டறைகளும் இணையக் கடைகளும் முறுக்கிப் பயன்படுத்துவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். வாங்குபவர் தந்த அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப அவருக்கென்றே செய்த பொருளுக்கு இந்த 14 நாள் உரிமை கிடையாது. மாமனாரின் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருந்தீர்களா? கழுத்து இத்தனை அங்குலம் வேண்டும், வளைவு இப்படி வேண்டும் என்று வரைந்து அனுப்பினீர்களா? அப்படியானால் நீங்கள் அந்த விலக்குக்குள் வருகிறீர்கள். படத்தில் பார்த்த சுங்கானைப் பிடித்துப்போய் வாங்கியிருந்தால் வரமாட்டீர்கள். "கையால் செய்தது, உலகில் இது ஒன்றுதான் உண்டு, ஆகவே திரும்பப் பெற இயலாது" என்று விற்பனை விதிகளில் எழுதியிருப்பார்கள். கையால் செய்வது வேறு, உங்களுக்காகச் செய்வது வேறு. அலமாரியில் தயாராக இருந்த பொருள், ஒன்றே ஒன்றாக இருந்தாலும், அலமாரிப் பொருள்தான். எனக்கும் ஒரு கடையில் இதே பதில் வந்தது. சட்டப் பிரிவைக் காட்டி மூன்று கடிதம் எழுதிய பிறகே பணம் வந்தது. அறியாமல் எழுதுகிறார்கள் என்று இனியும் என்னால் நம்ப முடியவில்லை. வாங்குபவர் படிக்கமாட்டார், வழக்குக்கும் போகமாட்டார் என்ற துணிச்சல்தான் அது. இத்தாலியில் புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களிடம் அந்தத் துணிச்சல் இன்னும் கூடுகிறது.

ஆகவே இன்று மாலையே கோட்டையும் துளையையும் சோதியுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் சுங்கானை வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் படத்தில் அந்தக் குழிகள் தெரியவில்லை என்றால் விலையில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பேச்சு இழுபட்டால் 14ஆம் நாளைத் தாண்டவிடாதீர்கள். மாமனாரிடம் கொடுக்கும்போது குழிகளை நீங்களே காட்டிச் சொல்லிவிடுங்கள். சுருட்டின் இலையைத் தடவிப் பார்த்தே தரம் அறிந்தவருக்கு அது புரியும்.

இரண்டில் ஒன்று தவறினாலும், வாங்கிய நாளையும் ஆர்டர் எண்ணையும் குறிப்பிட்டு, 'ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கு மேல் விளக்கம் எழுதினால் வாதத்துக்கு இடம் கொடுத்ததாகும். அனுப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அஞ்சல் செலவு பெரும்பாலும் உங்களுடையது. பெட்டி கட்டுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவைத்து, வாய்க்குழலை மெதுவாகத் திருகிக் கழற்றித் தனியே துணியில் சுற்றி, பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.